எஞ்சினைக் கழுவும் வேதநாயகம்

டத்தோ கிராமட் ரோட்டுப் பட்டறையில் வேதநாயகத்திடம் காரை விட்டவர்கள் யாரும் அவனை வாயார வாழ்த்தியதில்லை. வேலை சுத்தம்தான், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் எஞ்சினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிச் சரிபண்ணி மாட்டிய பிறகும் வண்டியைக் கொடுக்கமாட்டான். உள்ளே இருக்கிற எண்ணெயை இறக்குவான், மெல்லிய எண்ணெய் ஊற்றி ஓட விடுவான், மறுபடி இறக்கி விரலில் தேய்த்துப் பார்ப்பான், திரும்பவும் ஊற்றுவான். “என்னாண்ணே, காருக்கு ஞானஸ்நானமா?” என்று கேலி பண்ணுவார்கள். சிரிக்கவும் மாட்டான், அவன்பாட்டுக்கு அடுத்த எண்ணெய் டின்னைத் திறப்பான். அழுத்தக்காரன் என்று பெயர் வாங்கியதுதான் மிச்சம்.

முன்பெல்லாம் அவன் இப்படி இல்லை. சரியான அவசரக்குடுக்கை.

ரப்பர் விலை விழுந்து, தோட்டத்து ஆட்களைக் கூட்டம் கூட்டமாகத் தாய்நாட்டுக்கே கப்பலேற்றித் திருப்பி அனுப்பிய காலம் அது. அவன் அப்பா அருளப்பனுக்கும் சீட்டுக் கிழிந்தது. என்னோடு இருங்கள் என்று வேதநாயகம் எவ்வளவோ கெஞ்சினான். மகன் சோற்றில் உட்காரமாட்டேன் என்று கிழவர் ஒரே பிடிவாதம். அந்தப் பிடிவாதம்தான் பெற்ற மகளையும் தள்ளி வைத்திருந்தது. வேதநாயகத்தின் அக்கா சவுந்தரம், வேறு சாமி கும்பிடுகிற திருநாவுக்கரசைக் கட்டிக்கொண்டு, மலைக்கு அந்தப்புறம் பாலிக் புலாவ் ஜாதிக்காய்த் தோட்டத்துக்குப் போனதிலிருந்து அவள் பெயரையே எடுக்கமாட்டார். அப்பேர்ப்பட்ட மனுஷன், கப்பலுக்குப் பெயர் கொடுத்த அன்று தானாக வாயைத் திறந்தார்.

“போறதுக்கு முன்னாடி அவ மொகத்த ஒரு தடவ பாத்துட்டுப் போறேன். கூட்டிக்கிட்டு வா.”

வேதநாயகத்துக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பாலிக் புலாவுக்கு ஓடிப்போய்ச் சொன்னான். சவுந்தரம் அழுதாள், சிரித்தாள், கப்பல் புறப்படுகிற அன்று காலை பஸ்ஸிலேயே வந்துவிடுகிறேன் என்றாள். அங்கேதான் இவனுக்குப் புத்தி கெட்டது. அக்கா கோழிக் கூடைக்கும் டுரியான் பழக் கூடைக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டு போய் அப்பா முன்னால் நிற்பதா? காரில் போய் இறங்கவேண்டும், மகள் ஒன்றும் கெட்டுப்போய்விடவில்லை என்று அப்பா பார்க்கவேண்டும். ஒரே மிதப்பு.

“பஸ்ஸுல வராதக்கா. நான் கார் கொண்டாறேன்” என்று சொல்லிவிட்டு வந்தான்.

கார் என்றால் அவனுடையதா என்ன? பட்டறை முதலாளியின் பழைய கார். ஹெட்டுக்கு அடியில் கசியாமல் அடைக்கிற கேஸ்கெட் தகடு கருகி, தண்ணீர் எண்ணெயில் இறங்கி, எஞ்சினுக்குள் எல்லாம் தேங்காய்ப்பால் மாதிரி வெளுத்துக் கிடந்தது. நீ சரிபண்ணினால் ஒருநாள் எடுத்துக்கொள் என்று முதலாளி சொல்லியிருந்தார். ராப்பகலாக உட்கார்ந்து ஹெட்டைச் சீராக்கி மாட்டினான். கப்பல் நாள் காலையில் அந்த வெள்ளை எண்ணெயை இறக்கி, மண்ணெண்ணெய் விட்டு உள்ளே அலசி, அதையும் இறக்கினான்.

ஆனால் மண்ணெண்ணெய் முழுதும் இறங்காது. அந்தக் கால எஞ்சினில் அடியில் சின்னச் சின்னப் பள்ளங்கள் உண்டு, அவற்றில் தங்கிவிடும். மெல்லிய எண்ணெய் விட்டுக் கொஞ்ச நேரம் ஓட்டி இறக்கினால்தான் போகும். இல்லாவிட்டால் புது எண்ணெயை நீர்க்கவைத்து, எஞ்சின் தண்டைத் தாங்குகிற பேரிங்கைத் தின்றுவிடும். இது வேதநாயகத்துக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். வெயில் ஏறிவிட்டது, அக்கா காத்திருப்பாள், ஒரு தடவைதானே என்று புது எண்ணெயை ஊற்றிக் கிளப்பிக்கொண்டு போனான்.

போகும்போது ஒன்றும் ஆகவில்லை. சவுந்தரம் கல்யாணப் புடவை கட்டி, அப்பாவுக்கென்று போட்ட ஜாதிக்காய் ஊறுகாய் ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள். திரும்பும்போது மலை ஏற்றத்தில் அடியிலிருந்து டக்டக்கென்று சத்தம் வந்தது. அந்தச் சத்தம் என்னவென்று அவனுக்கு உடனே தெரிந்துவிட்டது, பேரிங் போகிறது. நிறுத்தவும் மனமில்லாமல் மிதித்தான். வளைவு திரும்புமுன் பேரிங் உருகி எஞ்சின் இறுகிப்போய் நின்றது.

டுரியான் லாரி ஒன்று வந்து ஏற்றிக்கொண்டு போவதற்குள் நேரம் தாண்டிவிட்டது. துறைமுகத்தில் கப்பல் இல்லை. அருளப்பனைத் தெரிந்த சிக்கந்தர், மூட்டை தூக்குகிறவர்களின் தலைவர், அவர்தான் சங்கடத்தோடு கிட்டே வந்தார்.

“அப்பா கடைசி ஆளாத்தான் தம்பி ஏறுனாரு. ரோட்டையே பாத்துக்கிட்டு நின்னாரு. கூப்பிட்டதுக்கு, ‘அவ வரமாட்டா, வைராக்கியம், என் ரத்தந்தானே’ன்னு சொல்லிட்டுப் போய்ட்டாரு.”

சவுந்தரம் ஜாடியைச் சிக்கந்தர் கையில் கொடுத்தாள். தம்பியை ஒரு வார்த்தை திட்டவில்லை. அவள் வந்ததையும் கார் நின்றதையும் அன்றைக்கே எழுதிப் போட்டார்கள். கடிதம் ஊரை எட்டுவதற்குள் கிழவர் காய்ச்சலில் கண்ணை மூடிவிட்டார். கடைசிவரை, தன் மகள் வர மறுத்துவிட்டாள் என்றுதான் நினைத்திருப்பார் பாவம்.

அதற்குப் பிறகு வேதநாயகம் கழுவ ஆரம்பித்தவன்தான். எந்தக் காரானாலும் இறக்குகிற எண்ணெய் ஊற்றிய நிறத்திலேயே வரும்வரை விடமாட்டான். அதனால் என்ன பிரயோஜனம் என்று அவனே தன்னைக் கேட்டுக்கொள்வான்.

சவுந்தரம் அந்த நாளைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் பேசினாள். அவள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தான். சோற்றைப் போட்டுக்கொண்டே, குறையாக அல்ல, ஏதோ ஞாபகம் வந்ததுபோலச் சொன்னாள்.

“அன்னைக்குக் காலையில பஸ்ஸு வந்து நம்ம வீட்டு முன்னாலதான் நின்னுச்சு தம்பி. கண்டக்டரு ஏறுறீங்களான்னு கேட்டான். எந்தம்பி கார் கொண்டாறான்னு பெருமையாச் சொல்லி அனுப்பிட்டேன். பாதி பஸ்ஸு காலி.”

வேதநாயகம் தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைந்தான். அவள் குழம்பு ஊற்றினாள்.