சத்தமாகச் சொல்லச் சொன்னார்கள்

புகாரை எழுதிய ஏட்டையா ரொம்ப மரியாதையான மனிதர். எனக்கு முதல் கோபம் வந்ததே அவர் மேல்தான்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா, மாகறல் தாண்டிப் போகும் சாலையில் தள்ளுவண்டியில் இட்லிக் கடை வைத்திருந்தவர். காலனிக்குள் இருந்த கடையை ஊர்த்தெரு பஸ் ஸ்டாப்புக்கு நகர்த்திச் சில நாள்தான் ஆகியிருந்தது. அன்று காலை ஊர்க்காரர் ஒருவர் பைக்கை நிறுத்தினார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் அத்தனை பேர் முன்னாலும் அக்காவின் சாதியைச் சொல்லித் திட்டினார். "உன் கையால நாங்க துன்னணுமா?" என்று கேட்டு, கொதித்துக்கொண்டிருந்த இட்லிப் பானையை எட்டி உதைத்தார். அக்காவுக்கு முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு நேராகக் காவல் நிலையத்துக்கு வந்திருந்தோம்.

"இன்னாம்மா சொல்லித் திட்டுனான்?" என்று ஏட்டையா கேட்டார்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். "அசிங்கமா பேசுனாரு சார்."

"சரி வுடும்மா. பொம்பள வாயால சொல்ற வார்த்தையா அது" என்று சொல்லி, "தகாத வார்த்தைகளால் திட்டி" என்று எழுதிவிட்டு, குடிக்கத் தண்ணீரும் கொடுத்தார்.

தண்ணீர்க் குழாயில் இரண்டு பேர் சண்டை போட்டாலும் தகாத வார்த்தைதான். பொது இடத்தில், நாலு பேர் காதில் விழ, சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினார் என்று இருந்தால்தான் வன்கொடுமைச் சட்டத்தில் அந்தப் பிரிவு நிற்கும். அந்தச் சொல் இல்லாவிட்டால் அது வெறும் பானை கவிழ்ந்த வழக்கு. நான் இதைக் கொஞ்சம் வேகமாகவே சொன்னேன்.

ஏட்டையா பேனாவைக் கீழே வைத்தார். "நீ யாரு பாப்பா, வக்கீலா?"

"இல்ல சார். பாதிக்கப்பட்டவங்களுக்கு உதவி பண்ற அமைப்பு. கூட இருக்கலாம்னு சட்டத்துலயே இருக்குது."

"இரு, யாரு வேணாம்னது? அதுக்கு ஏன் இந்தக் கத்து கத்துற?"

அக்கா கடைசியில் சொன்னார். ஏட்டையாவைப் பார்த்துச் சொல்லவில்லை. சுவரைப் பார்த்து, வாய்க்குள் இருந்த எதையோ துப்புவதுபோல் சொன்னார். அந்தச் சொல்லை இங்கே எழுத மாட்டேன். எழுதாமலே உங்களுக்குத் தெரிந்துவிட்டது, இல்லையா? என் கோபத்தில் பாதி அதனால்தான்.

எங்கள் அலுவலகம் சின்ன காஞ்சிபுரத்தில், பட்டு நூல் சுற்றும் பட்டறைக்கு மேல் மாடியில் இருக்கிறது. கீழே மோட்டார் ஓடினால் மேலே டம்ளர் நகரும். நாங்கள் மொத்தம் மூன்று பேர். ஒருங்கிணைப்பாளரைத் தோழர் என்று கூப்பிடுவோம். எம்.எஸ்.டபிள்யூ. முடித்த சூட்டோடு சேர்ந்தபோது அறிக்கை, ஆர்ப்பாட்டம், பேட்டி என்று என்னென்னவோ கற்பனை செய்திருந்தேன். வேலையில் பெரும்பகுதி பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுதான். கட்டு மாற்றும்போது, டி.எஸ்.பி. விசாரணைக்கு வரும்போது, நீதிபதி முன் வாக்குமூலம் கொடுக்கும்போது, திரும்பி வரும் பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வரும்போது.

ஒவ்வொரு இடத்திலும் அதே கேள்வி. என்ன சொன்னார்? அப்படியே சொல்லுங்கள். திட்டியவர் ஒரு தடவை சொல்லிவிட்டு ஜாமீனில் ஊரில் பைக் ஓட்டிக்கொண்டிருந்தார். அக்காதான் அதை அலுவலகம் அலுவலகமாகச் சுமந்துபோய்ச் சொல்லிக்கொண்டிருந்தார். இதற்குப் பெயர் நீதி கிடைக்கும் வழி என்று பயிற்சிப் புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள்.

சென்னையில் அப்படி ஒரு பயிற்சிக்குப் போய் வந்த உற்சாகத்தில், அக்காவைக் கண்ணை மூடி மூச்சை மெதுவாக இழுத்து விடச் சொன்னேன். சொன்னபடி செய்துவிட்டு அக்கா கண்ணைத் திறந்தார்.

"மூச்சு நல்லாத்தான் வருது பாப்பா. அந்த வார்த்ததான் வரல."

அப்போதுதான் காரணம் சொன்னார். அவருக்கு ஒரே மகள், நர்சிங் படிக்கிறாள். அவள் பிறந்ததிலிருந்து வீட்டில் அந்தச் சொல்லை யாரையும் பேசவிட்டதில்லை. புருஷன் குடித்துவிட்டுத் தன்னைத்தானே அப்படித் திட்டிக்கொண்டபோதுகூட வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியிருக்கிறார். "அவ காதுல அது வுழவே கூடாதுன்னு வளத்தேன். இப்ப நானே கோர்ட்ல நின்னு சொல்லணும்."

இந்த நேரத்தில் ஊர்ப் பெரியவர் ஒருவர் தட்டு நிறைய ஆப்பிளோடு எங்கள் மாடிக்கு ஏறி வந்தார். காலனிக்குப் போக அவருக்குக் கால் வரவில்லை.

"ராசியாப் போயிடலாம் தோழரே. பையன் ஏதோ கோவத்துல ஒரு வார்த்த வுட்டுட்டான். ஒரு வார்த்ததானே?"

பையனுக்கு நாற்பது வயது, மண்டையில் முடி பாதி இல்லை.

"ஒரு வார்த்ததானேன்னா இங்க ஒரு தடவ சொல்லுங்க பெரியவரே, கேப்போம்" என்றார் தோழர்.

"சே சே. நான் போய் அதெல்லாம் பேசுவனா?" பெரியவர் உண்மையாகவே பதறினார். ஆப்பிளை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். நான் மாடியில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். எல்லோரும் எத்தனை நாகரிகமானவர்கள்.

சாட்சி சொல்லும் நாள் வந்தது. வர வேண்டாம் என்று சொல்லியும் மகள் காலேஜுக்கு லீவு போட்டுவிட்டு வந்துவிட்டாள். உள்ளே அக்கா பக்கத்தில் இருக்கவேண்டும் என்று நான் தயாராக வந்திருந்தேன். கதவருகே அக்கா என் கையைப் பிடித்தார்.

"தோழர் உள்ள வரட்டும். நீ இவள இட்டுனு டீக்கடைக்குப் போ. நான் வந்து கூப்புடுற வரைக்கும் இந்தப் பக்கம் வரக்கூடாது."

மகள் அசையவில்லை. "நான் இங்கயேதான் நிப்பேன்" என்றாள். வராண்டா ஜன்னல் ஓரம் நின்றோம். மேலே மின்விசிறி கடகடவென்று சுற்றியது. உள்ளே அரசு வழக்கறிஞர் கேட்பதும் அக்கா பதில் சொல்வதும் அரைகுறையாகக் கேட்டது. அந்த இடம் வந்தபோது அக்காவின் குரல் தரையோடு போய்விட்டது. எனக்கே கேட்கவில்லை. மகளுக்கும் கேட்டிருக்காது என்று நிம்மதியாக மூச்சு விட்டேன்.

பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். "என்ன சொன்னார்னு சொன்னீங்க? காதுல விழல."

அக்கா மறுபடி சொன்னார்.

"சத்தமா சொல்லுங்கம்மா. வெட்கமா? அன்னைக்கு நடந்திருந்தா சொல்றதுக்கு என்ன?"

பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி மேசையைத் தட்டினார். சுவர் இல்லாமல் இருந்திருந்தால் நான் அந்த வக்கீலை என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. மகளின் காதைப் பொத்தலாமா என்று ஒரு கணம் பைத்தியம்போல் யோசித்தேன்.

அக்கா கத்தினார். அந்தச் சொல்லும் அதற்குப் பின்னால் வந்த கேள்வியும் பஸ் ஸ்டாப்பில் எப்படி விழுந்ததோ அப்படியே. வராண்டாவில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு குமாஸ்தா நடையை நிறுத்தினார். "இப்ப கேட்டுச்சா சார்?" என்று அக்கா கேட்டது அதைவிடத் தெளிவாகக் கேட்டது.

குறுக்கு விசாரணை முடியவில்லை. வாய்தா போட்டார்கள். அதாவது, மறுபடியும் அதே கேள்வி.

வெளியே வந்த அக்கா என்னையோ தோழரையோ பார்க்கவில்லை. நேராக மகளைப் பார்த்தார். முகம் முழுக்க வியர்வை.

"இங்கயா நின்னுக்கினு இருந்த?"

"ம்."

"கேட்டுச்சா?"

"எனக்குத் தெரியாத வார்த்தையாம்மா அது?" என்றாள் மகள். குரலில் ஒரு பதற்றமும் இல்லை. "ஆறாவதுலயே பெஞ்சுல எழுதி வெச்சிருந்தாளுங்க. தண்ணி பாட்டில தொட்டாலும் அதான் சொல்லுவாளுங்க."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"உன் காதுல வுழ வேணாம்னுதான்."

எங்கள் பயிற்சியில் இந்த இடத்துக்கு ஒரு வரிகூட இல்லை. இருந்திருந்தால் அதைக் கிழித்துப் போட்டிருப்பேன். ஒரு வீட்டுக்குள் இரண்டு பெண்கள் இத்தனை வருஷம் ஒருவரிடமிருந்து ஒருவர் அதே அழுக்கை மறைத்துக்கொண்டு சமைத்திருக்கிறார்கள், சாப்பிட்டிருக்கிறார்கள், சிரித்திருக்கிறார்கள். திட்டியவர் கோர்ட்டிலிருந்து வெளியே வந்து, எங்களைத் தாண்டிப் போய் வண்டியை உதைத்துக் கிளப்பினார். அவர் வீட்டில் யாரும் எதையும் மறைக்கவேண்டிய அவசியம் இருந்திருக்காது.

அக்கா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். பிறகு மகளின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார். கட்டுப் போட்டிருந்த கால் இன்னும் லேசாக இழுக்கும். நாங்கள் பின்னாலேயே போனோம். டீக்கடை வாசலில் நின்று திரும்பினார்.

"அடுத்த வாய்தாவுக்கு நீ உள்ள வந்து உக்காரு" என்றார் மகளிடம். "முன்னால, அந்த வக்கீல் கண்ணுக்கு எதுருல."

என் பக்கம் திரும்பினார்.

"நீயும்தான் பாப்பா. இன்னிக்கு வெளிய நிக்க வெச்சிட்டேன்னு மூஞ்சிய தூக்கி வெச்சிக்கினு நிக்காத. டீ சொல்லு."