மீசை வைத்த கணக்கப்பிள்ளை

கண்ணாடி பார்க்காமலே மீசையை ஒட்டிக்கொள்கிறார் ஜெயந்தினி. இடது நுனியை அழுத்தும்போது ஒரு தும்மல் வரும். அதைத் தும்மி முடித்துவிட்டுத்தான் வலது நுனி. பிறகு கறுப்புக் கோட்டு, தலைப்பாகை, பிரம்பு. வட்டவளைக்கு மேலே, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த பழைய லயத்தையும் கொழுந்து நிறுக்கும் மடுவத்தையும் வெள்ளைக்காரத் துரை காலத்தில் இருந்ததுபோலவே வைத்திருக்கும் அருங்காட்சியகத்தில் இவர்தான் கணக்கப்பிள்ளை. முன்பு இந்த வேடம் கட்டிய நிரஞ்சன் கொழும்பில் புடவைக்கடை வேலைக்குப் போய்விட, கோட்டு யாருக்குச் சேரும் என்று போட்டுப் பார்த்தார்கள். கூடை சுமந்து சுமந்து அகன்ற ஜெயந்தினியின் தோளுக்கு அளவெடுத்துத் தைத்தது போலிருந்தது.

வாயும் பொருந்திவிட்டது. "கொழுந்தெடுக்க வந்தீங்களா, கத பேச வந்தீங்களா?" என்று இவர் போடும் அதட்டலில் சுற்றுலா வந்தவர்கள் படம் எடுப்பதை மறந்து விறைத்து நிற்கிறார்கள். கொழுந்துக்காரியாக நடிக்கும் பிரியந்தினி கூடையைத் தராசில் மாட்டுவாள். எடை காட்டும் முள் இருக்கும் தராசின் முகம் கணக்கப்பிள்ளையை மட்டுமே பார்த்திருக்கும். "ஈரத்துக்கு ரெண்டு றாத்தல், கூடைக்கு ரெண்டு றாத்தல்" என்று நிறையில் வாய் கூசாமல் கழிப்பார். ஆட்டம் முடிந்ததும் அதே பிரியந்தினிக்கு முதல் கோப்பைத் தேநீரை ஊற்றிக் கொடுப்பவரும் இவர்தான். தான் கொழுந்து பறித்த காலத்தில் வாங்கிய ஏச்சையெல்லாம் வட்டியோடு திருப்புகிறார் என்று நினைத்தால் தப்பு. நடந்தது நடந்தபடி தெரியவேண்டும் என்பதில் ஆள் கறார். எனக்குப் பிடித்ததும் அந்தக் கறார்தான்.

ஒரு பயம் மட்டும் அவருக்கு இருந்தது. "வெளிநாட்டுக்காரங்க பாத்தா பாத்துட்டுப் போறாங்க. நம்ம பொம்பளைங்க வந்தா, நம்ம கஷ்டத்த வெச்சுக் கூத்து கட்டுறாளேன்னு காறித் துப்பிட மாட்டாங்களா?"

போன மாதம் அவர்கள் வந்தே விட்டார்கள். கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு பஸ் நிறையக் கொழுந்தெடுக்கும் பெண்கள், பட்டுச் சேலையும் தலை நிறையப் பூவுமாக. ஜெயந்தினி இரண்டடி பின்வாங்கினார். ஆனால் வேடம் கட்டியாயிற்று. மடுவத்து வாசலில் நின்று, "நிறுக்க வாங்க" என்று குரல் கொடுத்தார்.

சளசளவென்று பேசிக்கொண்டிருந்த அத்தனை பேரும் பேச்சை அப்படியே விட்டுவிட்டுக் கைப்பையும் கையுமாக வரிசையில் வந்து நின்றார்கள். பழகிய கால்கள், கேட்காமலே வந்துவிட்டன. நின்ற பிறகுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். வரிசையின் முன்னால் நின்ற வீரம்மா என்பவர் மட்டும் சிரிக்கவில்லை. பிரியந்தினியின் கூடையில் நான்கு றாத்தல் கழிபடும்வரை கண் கொட்டாமல் பார்த்திருந்தார்.

"நல்லாத்தான் செய்றீங்க. எங்களுக்கு இன்னைக்கும் இப்படித்தான் கழிக்கிறாங்க" என்றார் சாவதானமாக. "கல்யாணத்துக்கு முந்தியிருந்து கொழுந்து நிறுக்கிறேன். முள்ளு எங்க நிக்குதுன்னு ஒரு நாள் பாத்ததில்ல."

எதிர்த்துப் பேசும் கொழுந்துக்காரிக்குக் கணக்கப்பிள்ளை சொல்ல வசனம் ஒன்று எழுதியே வைத்திருக்கிறார்கள்: "வாய மூடிக்கிட்டு மலைக்குப் போ." ஜெயந்தினி வாயைத் திறந்தார். மீசையின் ஒரு நுனி பிய்ந்து காற்றில் ஆடியது. அதை அவர் கவனிக்கவில்லை.

கூடை இன்னும் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. வசனத்தை விட்டுவிட்டு, பிரம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் தராசைப் பிடித்து, அதன் முகத்தை மெதுவாகப் பெண்கள் பக்கம் திருப்பினார்.