அப்பாவின் வாக்குமூலம்

சிகந்திராபாத்தில், போவன்பள்ளி காய்கறிச் சந்தைக்கு வெளியே, பட்டப்பகலில், ஒரு கார் அப்பாவை இடித்துத் தள்ளிவிட்டுப் போனது. இடது கால் முறிந்தது. கார் யாருடையது என்று சந்தையில் எல்லோருக்கும் தெரியும். காவல் நிலையத்தில் மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

அம்மா திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி வந்தவள். தெலுங்கு அரைகுறை. அதனால் நான்காம் வகுப்பில் இருந்த நான் மொழிபெயர்ப்பாளராகப் போனேன். அந்தப் பதவியில் எனக்கு ஏகப் பெருமை. எஸ்.ஐ. புகாரைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“ராஜின்னு ஏதோ சொல்றாரும்மா” என்றேன். யாரோ ஒரு அக்காவின் பெயர் என்று நினைத்தேன்.

அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. “சமாதானமாப் போகணுமாமா? அப்ப எழுத மாட்டாகளாக்கும்?”

வீட்டில் சித்தப்பா, “நக்கோ அண்ணி, வேண்டாம். போலீஸோட நமக்கு வம்பு எதுக்கு?” என்றார். அப்பா சுவரைப் பார்த்துப் படுத்தபடி, “விட்டுடு” என்றார்.

அம்மா விடவில்லை. மாடியில் குடியிருந்த வக்கீல் அம்மாளிடம் போனாள்.

“ஸ்டேஷன்ல வாங்கலைன்னா அதோட முடிஞ்சு போச்சா? அதே புகாரை மேலதிகாரிக்கு ரிஜிஸ்டர் தபால்ல அனுப்புங்க. அவரும் அசையலைன்னா மாஜிஸ்ட்ரேட்கிட்ட மனு போடலாம்” என்றார் அவர்.

அனுப்பினோம். பதிலே இல்லை. பிறகு சிகந்திராபாத் கோர்ட்டில் மனு போட்டோம். போகும்போதெல்லாம் அம்மாவைத் தன் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனார் அந்த மகராசி. இன்றும் எந்தக் கோர்ட் வாசலைத் தாண்டினாலும் மனதுக்குள் அவரைக் கும்பிட்டுக்கொள்கிறேன். வழக்குப் பதிந்து விசாரிக்கும்படி மாஜிஸ்ட்ரேட் உத்தரவிட்டார்.

அதே எஸ்.ஐ. எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா கட்டிலருகே நாற்காலி போட்டு, காபியும் கொடுத்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இவருக்கு எதுக்கும்மா காபி?”

“வீட்டுக்கு வந்திருக்காருல்லா. சும்மா இரி.”

என்ன நடந்தது என்று அவர் அப்பாவைக் கேட்டார். அதுவரை விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் “என் நேரம், விழுந்துட்டேன்” என்று சொல்லிவந்த அப்பா, அன்று முதலிலிருந்து எல்லாம் சொன்னார். எங்கே நின்றார், கார் எப்படித் திரும்பியது, கண்ணாடியை இறக்கி அந்த ஆள் என்ன திட்டினான். எஸ்.ஐ. எழுதிக்கொண்டே போனார். எழுதியதைப் படித்துக் காட்டிவிட்டுக் கிளம்பினார்.

அந்த ஆளுக்குத் தண்டனை கிடைத்ததெல்லாம் வெகுகாலம் கழித்து.

எஸ்.ஐ. படியிறங்கியதும் அப்பா குலுங்கிக் குலுங்கி அழுதார். கால் வலிக்கிறது போலும் என்று நான் மாத்திரை எடுக்க ஓடினேன். அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“வேண்டாம்ளா. அழட்டும்.”

வலியில் துடிக்கிற மனிதருக்கு மாத்திரை கொடுக்க விடாமல், அவள் ஏன் அவ்வளவு நிம்மதியாகச் சிரிக்கிறாள் என்று எனக்கு அன்று விளங்கவே இல்லை.