மூன்று நிறக் கொடிக்கு எத்தனை சீட்டு?

நனைந்த பருத்தித் துணி மூங்கில் கழியில் ‘பட் பட்’டென்று அடித்துக்கொள்ளும் சத்தமாகத்தான் எண்பத்தொன்பதாம் ஆண்டின் மழைக்காலம் எனக்குள் இருக்கிறது. திருவண்ணாமலை அப்போதுதான் தனி மாவட்டமாகி, வேலூரில் குமாஸ்தாவாக இருந்த என் அப்பாவைப் புதிய கலெக்டர் அலுவலகத்துக்கு மாற்றியிருந்தார்கள். ஆசிரமத்துக்குப் பின்தெருவில் எங்களுக்கு ஒரு வீடு இருந்தது. அதன் மாடி அறையில், நாங்கள் குடிவருவதற்கு முன்பே, ஆல்டோனா அம்மா நான்கு வருடமாக வாடகைக்கு இருந்தார். தெருவில் அவருக்கு ‘ஜெர்மன்காரம்மா’ என்று பெயர். உண்மையில் அவர் லித்துவேனியாவில் பிறந்து, ஆறு வயதில், போருக்கு அஞ்சி ஓடிய பெற்றோருடன் ஜெர்மனி போய்ச் சேர்ந்தவர். அவர் பிறந்த நாடு அன்று சோவியத் யூனியனுக்குள் இருந்தது. என் பள்ளி அட்லஸில் அதற்குத் தனி நிறம் கிடையாது. நான்கு முறை தேடிப் பார்த்துவிட்டேன்.

எண்ணிப் பார்ப்பது எனக்குப் பதினாலு வயதிலேயே ஒட்டிக்கொண்ட வியாதி. மாலையில் அவருடைய வானொலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, உலகத்தில் எங்கெங்கே ஜனங்கள் ‘எங்கள் நாடு, எங்கள் கொடி’ என்று கிளம்பியிருக்கிறார்கள் என்று நோட்டில் குறித்துவைப்பேன்; அந்த ஐப்பசியில் என் கணக்குப்படி பதினொன்று. அவருடைய நாட்டு ஜனங்களும் பக்கத்து இரண்டு நாட்டு ஜனங்களும் ஆவணியில் சாலை நெடுகக் கைகோத்து நின்றதை அவர் சொன்னபோது, என் அம்மா, “நம்மூர்ல பண்றாங்களே மனிதச் சங்கிலி, அது மாதிரியா?” என்று கேட்டார். அது மாதிரிதான் என்று அவர் தலையாட்டினார். மறுநாள் இருவரும் தேரடி வீதிக்குப் போய் மஞ்சள், பச்சை, சிவப்பு என்று மூன்று ரவிக்கைத் துணி வாங்கிவந்தார்கள். அதைக் கையாலேயே தைத்து ஆல்டோனா அம்மா மொட்டைமாடியில் ஏற்றினார்.

நாடாளுமன்றத் தேர்தலுக்கு மூன்று வாரம்கூட இல்லை. எங்கள் ஊரில் வீட்டுமேல் ஒரு கொடி பறந்தால் அது ஒரு கட்சி. வேறு அர்த்தம் யாருக்கும் தெரியாது. காலையில் சைக்கிள் கடை ஏகாம்பரம் வாசலில் நின்றார். அவர் அந்தப் பகுதியில் ஒரு கட்சியின் கிளைச் செயலாளர்.

“என்னா சார், ஊருக்கு வந்து ரெண்டு மாசம் ஆவல, தனிக்கட்சி ஆரம்பிச்சுட்டீங்களாமே?”

“நான் கவர்மென்ட் வேலைல இருக்கறவன்ங்க. என்ன பேசறீங்க?” என்றார் அப்பா.

“அப்ப மேல பறக்கறது என்னா, பாவாடையா? எத்தினி சீட்டு கேக்கறாங்க? எங்க கூட்டணியா, அவங்க கூட்டணியா?”

அப்பா விளக்க முயன்றார். ஆனால் ‘தனி நாடு’ என்ற சொல் அன்று அரசு ஊழியர் உரக்கச் சொல்லக்கூடாத சொல் என்பதால் பாதியில் விழுங்கிவிட்டார். ஏகாம்பரம் குரலைத் தாழ்த்தினார்.

“டீக்கடை தணிகை எதிர்க்கட்சிக்காரன், பெட்டிஷன் எழுதிட்டு இருக்கான் சார். எலெக்‌ஷன் நேரத்துல கவர்மென்ட் ஆளு வீட்ல கொடின்னா சஸ்பெண்ட் பண்ணிடுவாங்க. தெரிஞ்சவராச்சேன்னு சொல்றேன்.”

அப்பா பதினேழு படியும் ஏறினார். அவர் ஆங்கிலத்தில் என்ன சொன்னாரோ, ஆல்டோனா அம்மா மறுபேச்சில்லாமல் கொடியை இறக்கி, நான்காக மடித்து, அதற்குப் பிறகு பெட்டியையும் அடுக்கத் தொடங்கினார். இந்தக் கொடிக்கு இடமில்லாத வீட்டில் தனக்கும் இடமில்லை என்று நினைத்தாரோ, அப்பாவின் வேலைக்குத் தன்னால் கெடுதல் வேண்டாம் என்று நினைத்தாரோ, தெரியவில்லை. அம்மா அன்று யாருக்கும் பரிமாறவில்லை. “கொடி ஏத்தறவனுக்குக் கைவலி, அது கீழ குடியிருக்கறவனுக்குத் தலைவலி” என்று அப்பா சுவரைப் பார்த்துச் சொன்னார். அவர் சம்பளம் ஒன்றில் நாங்கள் ஐந்து பேர் சாப்பிட்டோம் என்பதையும் சொல்லவேண்டும்.

கொடி இறங்கிவிட்டதா என்று பார்க்க ஏகாம்பரம் சாயங்காலம் வந்தபோது, ஆல்டோனா அம்மா பெட்டியோடு படியிறங்கிக்கொண்டிருந்தார்.

“இது கட்சி இல்லே,” என்றார், தனக்குத் தெரிந்த தமிழில். “நாடு. பெரிய அண்ணன் அங்கேயே இருந்தான். இந்தக் கொடி வெச்சான். ஜெயில்.”

“எத்தினி நாளு உள்ள இருந்தாரு?”

“அங்கேயே செத்துப் போனான்.”

மொழிப் போராட்டத்தில் வேலூர்ச் சிறையில் இருபத்திரண்டு நாள் இருந்ததை ஏகாம்பரம் பஞ்சர் ஒட்ட வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். அன்று சொல்லவில்லை. பெட்டியை அவர் கையிலிருந்து வாங்கிப் படியில் வைத்துவிட்டு அப்பாவிடம் திரும்பினார்.

“உங்க வீட்ல வேணாம் சார். தெருமுனைல எங்க கம்பம் இருக்குதில்ல, அதுக்குப் பக்கத்துல நட்டுக்கலாம். எவன் கேக்கறான்னு பாக்கறேன்.”

பெயர் முழுக்க ஏகாம்பரத்துக்கே போய்விடக் கூடாதென்று, பெட்டிஷன் எழுதிக்கொண்டிருந்த தணிகையே மறுநாள் காலையில் பன்னிரண்டு செங்கல் கொண்டுவந்து மேடை கட்டினார். இரண்டு கட்சிக் கம்பங்களுக்கு நடுவில் மூங்கில் நின்றது. கொடி ஏற்றினால் முழக்கம் வேண்டும், மிட்டாய் வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். நாட்டின் பெயரை இரண்டு தரம் கேட்டு வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு ஏகாம்பரம் “லித்துவேனியா” என்று குரல் கொடுக்க, பதின்மூன்று பேர் “வாழ்க” என்றோம். பதினான்காவதாக, வாசலில் நின்ற அப்பாவின் உதடும் அசைந்தது.

ரோந்து வந்த போலீஸ்காரர் சைக்கிளை நிறுத்தி, “இது எந்தக் கட்சிய்யா?” என்றார்.

“கூட்டணிக் கட்சி சார்,” என்றார் ஏகாம்பரம்.

“சின்னம்?”

“இன்னும் ஒதுக்கலீங்க.”

பெட்டிஷன் எதுவும் போகவில்லை. ஆல்டோனா அம்மா அடுத்த ஆண்டு பிறந்த ஊருக்கே திரும்பினார். அதற்கடுத்த ஆண்டு லித்துவேனியா தனி நாடாகவே ஆகிவிட்டது. என் நோட்டிலிருந்த பதினொன்றில் எல்லாமே அப்படி முடிந்துவிடவில்லை. சில இடங்களில் கொடி பிடித்த கையே பக்கத்து வீட்டுக்காரனை விரட்டியது. அப்பாவின் தலைவலியை அப்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

இன்று அந்தத் தெருமுனையில் ஒரு கம்பமும் இல்லை. பொது இடத்தில் கூடாதென்று எல்லாவற்றையும் பிடுங்கிச் சிமெண்ட் பூசிவிட்டார்கள். ஏகாம்பரமும் அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தணிகையின் டீக்கடை இருந்த இடத்தில் காபிக்கு மெனு அட்டை நீட்டும் கடை வந்திருக்கிறது. இரைச்சல் அதிகம், நாற்காலி ஆடுகிறது. போன மாதம் அங்கே ஒரு இளம் ஜோடியின் பையில் அந்த மூன்று நிறத்தையும் பார்த்தேன். லித்துவேனியாவா என்றேன். ஆமாம் என்றார்கள், இதிலென்ன அதிசயம் என்பது போல. உங்கள் ஊரில் இப்போது எத்தனை கட்சி என்று கேட்டேன். அந்தப் பெண் விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள். நாலாவது விரலிலேயே, அதெல்லாம் ஒரு கட்சியா என்று அவன் குறுக்கே புகுந்தான். அப்புறம் இருவரும் தங்கள் மொழியில் சண்டை பிடிக்க ஆரம்பித்தார்கள். எனக்கு விடை கிடைக்கவில்லை. காபி ஆறும்வரை உட்கார்ந்து அந்தச் சண்டையைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.