டிரங்க் காலில் ஒரு பெண் விசாரிப்பு

குன்னூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் ஆபரேட்டராக இருந்தபோது எந்த அழைப்பும் தானாகப் போகாது. யாராவது போனை எடுத்தால் போர்டில் அவர் எண்ணுக்கான சின்ன மூடி விழும். ஒயரின் முனையை அதன் கீழுள்ள துளையில் செருகி, "நம்பர் ப்ளீஸ்" என்போம். கேட்ட எண்ணின் துளையில் இன்னொரு முனையைச் செருகி மணியடிப்போம். வெளியூருக்கு என்றால் டிரங்க் கால். பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்; மூன்று நிமிஷத்துக்கு ஒரு கட்டணம்.

பேச்சைக் கேட்கக் கூடாது என்பது விதி. லைன் மோசமானால் மட்டும் விலக்கு உண்டு. மழையில் கற்பூர மரக்கிளைகள் கம்பிமேல் விழுந்துவிட்டால் ஒருவர் சொல்வது மற்றவருக்கு எட்டாது. நடுவில் இருக்கும் எங்களுக்கு இரண்டும் ஓரளவு கேட்கும். நாங்களே வாங்கிச் சொல்வோம்.

ஆனி மாதத்தில் ஒரு முற்பகல். கோயமுத்தூரிலிருந்து ஒரு பெரியவர், குன்னூரில் தேயிலை வியாபாரம் செய்த ஒருவரைக் கூப்பிட்டார். வியாபாரி எங்கள் வீதிக்காரர். இருவரும் மாறி மாறி "கேக்கலீங்க" என்று கத்தினார்கள். நான் குறுக்கிட்டு, "சொல்லுங்க, நான் சொல்றேன்" என்றேன்.

"உங்க வீதியில அருவங்காட்டுக்கு வேலைக்குப் போறவரு இருக்காருங்களே, அவரு பெரிய பொண்ணு எப்படீன்னு கேளுங்க அம்மிணி. பையனுக்குப் பாக்கறம்."

எங்கள் வீதியிலிருந்து அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலைக்குப் போனவர் என் அப்பா ஒருவர்தான். பெரிய பெண் நான். கேள்வியை அப்படியே வியாபாரியிடம் சொன்னேன்.

அவருக்கு என் குரல் அடையாளம் தெரியவில்லை. ஆபீஸில் நாங்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் பேசுவோம். "நல்ல குடும்பமுங்க. பொண்ணு டெலிபோன் ஆபீஸ்ல இருக்குது. கொஞ்சம் ராங்கி. ரோட்டுல பாத்தாச் சிரிக்காது."

காது மடல் சுட்டது. பக்கத்து நாற்காலிக்காரி திரும்பிப் பார்த்தாள். அதையும் ஒரு வார்த்தை விடாமல் கோயமுத்தூருக்குச் சொன்னேன்.

பெரியவர் என்னையே கேட்டார். "நீங்களும் அதே ஆபீஸ்தானுங்களே. அந்தப் புள்ளயத் தெரியுமுங்களா?"

"தெரியுமுங்க."

"ராங்கிதானுங்களா?"

"நாங்க பேச்சுல கலந்துக்கக் கூடாதுங்க. மூணு நிமிஷம் ஆச்சு."

வீட்டில் இதைச் சொல்லவில்லை. வரமாட்டார்கள் என்று நினைத்தேன்.

மழைக்காலம் விட்டதும் பெண் பார்க்க வந்தார்கள். காபி கொண்டுபோய் வைத்து, "எடுத்துக்கங்க" என்றேன். பெரியவர் டம்ளரைத் தொடாமல் என் முகத்தையே பார்த்தார். கிளம்பும்போது மற்றவர்கள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் பின்தங்கி, தணிந்த குரலில் கேட்டார்.

"அன்னிக்கு அவரு சொன்னது பூராத்தையும் சொன்னீங்களா அம்மிணி?"

"ஆமாங்க. எதையும் விடலீங்க."

தலையாட்டினார். வாசலில் நின்ற அப்பாவிடம், "எங்களுக்குச் சம்மதமுங்க. பொண்ணுகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கங்க" என்றார். அப்பா கேட்டார். நானும் சரி என்றேன். பையனை நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

கல்யாணத்துக்குப் பின் கோயமுத்தூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டேன். அந்த டிரங்க் காலைப் பற்றி மாமனார் யாரிடமும் பேசியதில்லை. என் கணவருக்கு அது தெரிந்ததே மாமனார் காலமான பிறகு, நான் சொல்லித்தான்.

சில வருடங்களில் குன்னூரில் ஆட்டோமேட்டிக் எக்ஸ்சேஞ்ச் வந்தது. போர்டைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். கூட இருந்தவர்களில் சிலர் பில் பிரிவுக்குப் போனார்கள். மற்றவர்கள் புகார் வாங்கும் மேசையில் உட்கார்ந்தார்கள்.