கோயில்காடு இருந்த வளைவு

பஸ்ஸில் யாரோ ஏற்றிவிட்ட பச்சை மிளகு மூட்டையின் கார வாசம், மலைமேல் குண்டூர் நாட்டில் எங்கள் வீட்டுக்கும் மரவள்ளிக் காட்டுக்கும் நடுவே இருந்த கோயில்காட்டுக்கு என்னைக் கொண்டுபோய்விட்டது. மரமெல்லாம் மிளகுக்கொடி ஏறி, நடுப்பகலிலும் அங்கே இருட்டிக் கிடக்கும்; ஈரச் சருகில் பாதம் சில்லிட்டுப்போகும்; விழுந்து கிடக்கும் சுள்ளியைக்கூட யாரும் அடுப்புக்கு எடுக்க மாட்டார்கள். உள்ளே சாமி என்று ஒரு கல். அறுவடையானதும் புதுச் சாமையில் ஒரு பிடியை அதன் முன்னால் வைத்த பிறகுதான் அம்மா எங்களுக்குச் சோறாக்கிப் போடுவாள். "சாமி பாத்துக்கிட்டிருக்குது, சத்தம் போடாம வா" என்பாள்.

அப்பாவுக்கு அந்த நம்பிக்கை கிடையாது. "அது வெறுங்கல்லு கண்ணு" என்று என்னிடம் நேராகவே சொல்லுவார். ஆனால் தலையில் கிழங்கு மூட்டையோடு வரும் அவரே, காட்டெல்லையில் நின்று செருப்பை உதறி, அதை என்னை எடுத்துவரச் சொல்லிவிட்டு, வெறுங்காலில் நடப்பார். ஏன் என்று கேட்டால், "உங்கம்மா கும்புடற எடமாச்சே" என்பார்.

அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். கோயில்காட்டையும் ரோடு போட வெட்டிவிட்டார்கள். பஸ் அந்த வளைவில் திரும்பியபோது, பக்கத்தில் இருந்த அப்பா செருப்பிலிருந்து கால்களை மெல்ல உருவிக்கொண்டார். என் மகள் அதைப் பார்த்துவிட்டாள்.

"ஏனுங்க அப்புச்சி, இங்க சாமி இருக்குதுங்களா?"

"இல்ல கண்ணு" என்றார் அப்பா.

நான் குனிந்து அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன்.