மண்புழுத் தொட்டியில் கருவாட்டுத் தண்ணீர்

காலடிப்பேட்டையில் எங்கள் மொட்டைமாடியில் ஒரு தொட்டியில் மண்புழு விட்டு, காய்கறித் தோலை உரமாக்கி வருகிறேன். போன மாதம் ஒருநாள் மூடியைத் திறந்தால், புழுக்கள் அத்தனையும் செத்துக் கிடந்தன. பக்கத்து வீட்டு பரீதா முந்தின நாள்தான் பிளீச்சிங் பவுடர் போட்டு, எங்கள் மாடியை ஒட்டிய தன் மாடியைக் கழுவியிருந்தாள். நேரே போய்க் கத்திவிட்டேன்.

"உன் தொட்டியாண்ட நான் வரவேயில்லக்கா," என்றாள். நான் நம்பவில்லை.

அடுத்த ஞாயிறு என் வீட்டுக்காரர் நெத்திலிக் கருவாட்டைக் கழுவி, அந்தத் தண்ணீரை அப்படியே தொட்டியில் கவிழ்த்தார்.

"இன்னாய்யா பண்றே? போன வாரமும் இத்தத்தான் ஊத்துனியா?"

"மீன் கழுவுன தண்ணி செடிக்கு நல்லதுன்னு நீதானே சொல்லிகினு இருந்தே?"

"அது பச்சை மீனுய்யா! இது உப்புல ஊறுன கருவாடு!"

முன்பு நான் கொடுத்த புழுக்கள் பரீதாவிடம் நன்றாக இருந்தன. மன்னிப்புக் கேட்டு ஒரு கைப்பிடி வாங்கினேன். "எட்த்துகினு போக்கா. உன் வூட்டுக்காரர் கண்ல மட்டும் காட்டாதே," என்றாள்.

இப்போது தொட்டிக்குப் பூட்டு போட்டிருக்கிறேன். அடுத்தவர் மேல் பாய்வதற்கு முன் என் அடுப்படியை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். என் வீட்டுக்காரர் மட்டும் இன்னும் "கொஞ்சூண்டு உப்புதானே" என்கிறார். குழம்பில் ஒரு கல் உப்பு கூடினால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிற மனிதர். என் புழுக்கள் எங்கே எழுந்து போகும்?